தொள்ளாயிரம் மீட்டர் கயிறு

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே வெயில் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் புழுக்கத்தில் கலினா தடித்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதோடு போனாலும் பரவாயில்லை. ஜீன்ஸுக்கு உள்ளே இன்னொரு கால்சட்டை இருப்பது அவள் நடையிலேயே தெரிந்தது. காலை அகட்டி அகட்டி நடந்துபோய் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள்.

“என்னடி இது கோலம்?” என்றாள் மிர்கா.

“குளுருது.”

“ஜூலையிலயா?”

“எனக்குக் குளுருதும்மா. விடேன்.”

மிர்கா விட்டுவிட்டாள். வாய்தான் விட்டது, மனம் விடவில்லை. லிப்னிக்கி கிளைடர் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கும் பிள்ளையைக் குனிய வைத்து, அன்று மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் வரிசையாக வந்து பின்பக்கத்தில் ஆளுக்கு ஓர் அடி போடுவார்கள். கிளைடர் என்பது இஞ்சின் இல்லாத விமானம். காற்று தூக்குகிறதா அழுத்துகிறதா என்பதை உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உணர வேண்டுமாம். அந்த இடத்துக்கு உணர்ச்சி வர இந்த வைத்தியம். போன மாதம் அடி வாங்கிய ஒரு பையன் இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

ஆக, இன்றைக்குத் தன்னைத் தனியாக அனுப்பப் போகிறார்கள் என்று இவள் நினைக்கிறாள். எந்தப் பயிற்சியாளரும் அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும். ஆனாலும் பிள்ளைகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். இவள் மூக்கு இதுவரை தப்பானதில்லை.

மகள் தனியாக மேலே போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளை மேலே இழுத்து அனுப்பும் கயிற்று இயந்திரமான வின்ச்சில் உட்காரப் போவது மிர்காதான்.

இந்தக் கதையை ஆரம்பித்து வைத்தது அவள் இல்லை. பதின்மூன்று வயதில் கலினா ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, “எனக்கு விமானம் ஓட்டணும்” என்றாள். அதற்கு முன்னால் கிடார் வேண்டும் என்றாள், கினிப் பன்றி வேண்டும் என்றாள். கிடார் அலமாரி மேல் கிடக்கிறது, கினிப் பன்றி அத்தை வீட்டில் கொழுத்துக் கிடக்கிறது. இதுவும் அந்த வழியில் போய்விடும் என்று மிர்கா நினைத்தாள். “விமானத்துக்கு நான் எங்கடி போவேன்?” என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவப் போய்விட்டாள்.

பெண் சும்மா இருக்கவில்லை. யாரும் சொந்த விமானம் வைத்திருக்க வேண்டியதில்லை, மன்றத்தில் சேர்ந்தால் மன்றத்து கிளைடரில் படிக்கலாம் என்று கண்டுபிடித்தாள். பதினான்கு முடிந்தால் தனியாகவே பறக்கலாம் என்று கண்டுபிடித்தாள். மருத்துவரின் சான்று வேண்டும், போய் வாங்கினாள். குளிர்காலத்தில் மன்றத்துப் பட்டறையில் எண்பது மணி நேரம் வேலை செய்தால்தான் கோடையில் பறக்கவிடுவார்கள். நூற்றுப்பத்து மணி நேரம் செய்தாள். உப்புத்தாள் போட்டு இறக்கையைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியில் ரேகை அழிந்து, கைபேசியே அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்பதுதான் கடைசி முடிச்சு. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் ஸ்பெயினில் இருப்பவர். “உங்கம்மா போட்டா நானும் போடறேன்” என்றார். மிர்கா, “உங்கப்பா போடட்டும், பாக்கலாம்” என்றாள். ஒருவர் தலையில் இன்னொருவர் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். கலினா அப்பாவிடம் போய் அம்மா சம்மதித்துவிட்டாள் என்றாள், பெட்ரோல் பங்க்கில் லாரி மூக்கின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினாள், அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினாள். பச்சைப் பொய். ஆனால் என்ன சாமர்த்தியமான பொய்! மிர்கா திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அன்று இரவு புருஷனுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அவள் குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

இத்தனையும் முடித்து ஏப்ரலில் மைதானத்துக்குப் போனால், பறக்க வழியில்லை. வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் நார்வேயில் மீன் தொழிற்சாலை வேலை கிடைத்துப் போய்விட்டார். மைதானத்தின் ஒரு கோடியில் வின்ச், மறு கோடியில் கிளைடர், நடுவில் தொள்ளாயிரம் மீட்டர் எஃகுக் கயிறு. வின்ச் அந்தக் கயிற்றை வேகமாகச் சுற்றினால் கிளைடர் பட்டம் போல மேலே ஏறும். சுற்ற ஆள் இல்லையென்றால் அது வெறும் அழகான படகு. மகளை அழைத்துப்போக மாலையில் வந்த மிர்கா, ஆறு பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். காலை எட்டு மணியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார்களாம்.

பயிற்சியாளர் லுத்மிலா வார நாட்களில் பல் மருத்துவர். யாரிடமும் நீட்டி முழக்கமாட்டாள், எல்லோரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தன் முன்னால் படுத்திருப்பது போலத்தான் பேசுவாள்.

“கிளைடர் இருக்கு. நான் இருக்கேன். காத்து இருக்கு. இழுக்க ஆள் இல்ல” என்றாள்.

“அது என்ன இஞ்சின்?” என்று மிர்கா கேட்டாள்.

“பழைய லாரி இஞ்சின். டீசல்.”

“நான் பதினெட்டு வருஷமா டவுன் பஸ் ஓட்டறேன்.”

லுத்மிலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க, பானி மிர்கா. தொப்பி எடுத்துட்டு வாங்க.”

பானி என்று கூப்பிடுவது மரியாதைக்குத்தான். அதற்குப் பிறகு மூன்று வாரம் வாங்கிய திட்டில் மரியாதை எதுவும் இல்லை. பக்கத்து மன்றத்திலிருந்து வந்து கற்றுக்கொடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். மிர்காவின் காலில் பதினெட்டு வருடப் பழக்கம் ஊறியிருந்தது. நின்றுகொண்டு வரும் பயணி சாயக்கூடாது, கைக்குழந்தை வைத்திருப்பவள் தடுமாறக்கூடாது என்று பூப்போல எடுப்பாள். நகரத்தில் அவள் பஸ்ஸில் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வரலாம் என்று பெயர். வின்ச்சுக்கு அது ஆகாது. கிளைடர் மூன்றே நொடியில் தரையை விட வேண்டும். மெதுவாக இழுத்தால் வேகம் போதாமல் பாதியில் மூக்கு குத்தும்.

“பானி மிர்கா, முட்டைக் கூடையோட நிக்கற பயணி யாரும் இதுல இல்ல. மிதிங்க!” என்று லுத்மிலா ரேடியோவில் கத்துவாள்.

மிதிக்கப் பழகினாள். தேர்வு எழுதினாள், சான்று வாங்கினாள். ஜூலைக்குள் அறுநூறு இழுப்பு. அவள் இழுத்தால் மற்றவர்கள் இழுப்பதைவிட முப்பது மீட்டர் கூடுதல் உயரம் கிடைக்கிறது என்று பைலட்டுகள் சொன்னார்கள். வாரம் முழுக்கப் பஸ், சனி ஞாயிறு வின்ச். முதுகு வலித்தது. ஆனால் சத்தியமாக, அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக முதுகு வலித்ததில்லை.

அன்று மைதானத்துக்குள் நுழைந்ததுமே லுத்மிலா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மத்தியானம் ஓல்கியெர்த் வின்ச்சுல உக்காரட்டும். நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க.”

ஓல்கியெர்த் பத்தொன்பது வயதுப் பையன். டிராக்டரில் கயிற்றை மறுகோடிக்கு இழுத்துப் போவது அவன் வேலை, வின்ச்சும் சுமாராக ஓட்டுவான்.

“எனக்கு ஓய்வு வேண்டாம்” என்றாள் மிர்கா.

“ஓய்வுன்னு மரியாதைக்குச் சொன்னேன். நான் என் பையனுக்குப் பல் புடுங்கமாட்டேன். பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்.”

“நான் பல்லா புடுங்கறேன்? என் கயித்துலதான் அவ நாப்பத்தி மூணு தடவ மேல போயிருக்கா.”

“அப்பல்லாம் அவ பின்னாடி சீட்டுல நான் இருந்தேன்.”

மிர்கா தொப்பியை இறுக்கிக்கொண்டாள். “அவ முதல் தடவ தனியாப் போறப்ப நான் புல்லுல உக்காந்து வேடிக்கை பாக்கணுமா? நான் இழுக்கறேன், பானி லுத்மிலா. கை நடுங்காது.”

“நடுங்கினா முன்னாடியே சொல்லணும்.”

“நடுங்காது.”

சொன்னது போலவே கை நடுங்கவில்லை. வாக்கில் பொய்யில்லை. காலைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் கலினாவும் லுத்மிலாவும் இரண்டு முறை சேர்ந்து பறந்தார்கள். மன்றத்தின் ஒரே இரட்டை இருக்கைக் கிளைடருக்கு ஆந்தை என்று பெயர். வயதான, வெள்ளை வண்ணம் மங்கிய, நல்ல சுபாவமுள்ள ஆந்தை. இரண்டு முறையும் “வின்ச், ஆந்தை, ரெட்டை ஆள்” என்று ரேடியோ சொன்னது. ஆள் கணக்கு சொல்லியே ஆக வேண்டும், எடைக்குத் தகுந்தாற்போல இழுப்பு மாறும். இரண்டு முறையும் மிர்கா மிதித்தாள், ஆந்தை அம்பாக ஏறியது.

மூன்றாம் முறை கொஞ்சம் தாமதமானது. தொள்ளாயிரம் மீட்டருக்கு அப்பால் வெள்ளையாக ஒரு கீற்று, அதைச் சுற்றி எறும்புகள் போல மனிதர்கள். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. அவள் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, டீசல் வாசனையில், கானலுக்குப் பின்னால் நடுங்கும் அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ கரகரத்தது. “வின்ச். ஆந்தை. ஒத்தை ஆள்.”

“வின்ச் தயார்” என்றாள். தன் குரல் சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“கயிறு மெதுவா.”

சுருள் சுழன்றது. புல்லில் கிடந்த கயிறு நெளிந்து நேரானது.

“இறுகிருச்சு. போ!”

மிதித்தாள். மிதித்ததாகத்தான் நினைத்தாள். ஆனால் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டிய கால், மூன்று மாதம் வின்ச் ஓட்டிய காலைத் தள்ளிவிட்டு வந்து பெடலில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே பிள்ளை இருக்கிறது, குலுக்காதே, மெதுவாக எடு என்றது. ஆந்தை தரையை விட்டது. ஆனால் ஏறவில்லை, சோம்பலாக மிதந்தது. கயிறு நடுவில் தொய்ந்தது. மிர்கா அதைப் பார்த்த கணம் தப்பு புரிந்துவிட்டது. காலை அழுத்தினாள். அதற்குள் நேரம் போய்விட்டது. ஆந்தையின் மூக்கு கீழே இறங்கியது, கயிறு கழன்று விழுந்தது.

இஞ்சினை அடக்கினாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, மூடவில்லை. கிளைடர் இவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. தாழ்வாக. மிகத் தாழ்வாக. இறக்கையின் மேல் பிரேக் தகடுகள் எழுந்து நின்றன. சக்கரம் புல்லைத் தொட்டது, ஒருமுறை லேசாகத் துள்ளியது, உருண்டது, வின்ச்சுக்கு இருநூறு மீட்டர் முன்னால் நின்றது. ஓர் இறக்கை நிதானமாகத் தரையில் சாய்ந்தது.

ரேடியோவில் மகள் குரல் வந்தது: “ஆந்தை இறங்கியாச்சு. சேதம் இல்ல.”

மிர்கா சுருளைப் பூட்டிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினாள். எதிரே கலினா காலை அகட்டி நடந்து வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. பத்தடி இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“எம்மா, நான் என்ன ஊறுகா ஜாடியா?”

“அடி கிடி பட்டுச்சாடி?”

“உடைஞ்சிடும் உடைஞ்சிடும்னு மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி இழுத்தியே! வேக முள்ளு நூத்தியிருவதுக்குப் போகணும். எம்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது.”

“அடி பட்டுச்சான்னு கேட்டேன்.”

“எங்க படும்? மூக்க எறக்குனேன், கயித்த விட்டேன், பிரேக்கத் தொறந்தேன், எறங்கிட்டேன். தொண்ணூறு மீட்டர்லேர்ந்து நேரா எறங்க எடமா இல்ல?”

கடையில் ரொட்டி வாங்கி வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள். மிர்கா அவளையே பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கேட்க ஆள் இல்லை, யோசிக்க ஐந்து நொடி இல்லை. ஜன்னல் கதவைச் சாத்து என்றால் நாலு முறை கேட்கும் பெண், செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்துவிட்டு வந்து நிற்கிறாள். தப்பு செய்தது தாய். அதைச் சரி செய்தது மகள். மிர்காவுக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

“ஓல்கியெர்த் இழுக்கட்டும்” என்றாள். “என் கால் எனக்கே அடங்கலடி.”

“ஏன்?”

“ஏன்னா கேக்கற? தெரியல உனக்கு?”

“அந்தத் தடியன் ஓல்கியெர்த்த நானூறு மீட்டருக்குத் தூக்கி எறியற. இங்க பறக்க வர்ற பேங்க் மேனேஜர் நூறு கிலோ, அவர எறியற. எனக்கு மட்டும் தொண்ணூறா? நான் என்னம்மா பாவம் பண்ணேன்?”

மிர்காவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. முகத்தைத் துடைத்ததில் டீசல் மை கன்னத்தில் ஈஷியது.

“இன்னிக்கு நீ வின்ச்ச விட்டு எறங்கிட்டா, அடுத்த வாரமும் எறங்குவ” என்றாள் கலினா, இப்போது குரலைத் தாழ்த்தி. “அப்புறம் நான் பறக்கறப்பல்லாம் நீ போய்க் கொட்டகைக்குப் பின்னாடி நிப்ப. எனக்கு அது வேண்டாம்.”

அதற்குள் மைதானத்து ஜீப் வந்து நின்றது. லுத்மிலா இறங்கினாள். முதலில் ஆந்தையைச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு கலினாவைப் பார்த்தாள். “எறக்கம் சுத்தம்” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது தங்கப் பல் கட்டுவதற்குச் சமம். பிறகு டிராக்டர் பக்கம் திரும்பினாள். “ஓல்கியெர்த், வின்ச்சுல ஏறு.”

“வேண்டாம்” என்றாள் கலினா.

“என்ன வேண்டாம்?”

“தனியா உக்கார்றவங்கதான் கமாண்டர்னு நீங்கதானே சொன்னீங்க? இழுக்கறவங்க மேல நம்பிக்கை இல்லன்னா கமாண்டர் கெளம்பக்கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. எனக்கு ஓல்கியெர்த் மேல நம்பிக்கை இல்ல.”

“ஏய்!” என்றான் ஓல்கியெர்த், டிராக்டரிலிருந்து.

“அம்மா இழுக்கட்டும்.”

லுத்மிலா அவளைச் சிறிது நேரம் பார்த்தாள். வேர் வளைந்த கடைவாய்ப் பல்லை எக்ஸ்ரேயில் பார்ப்பது போல.

“கமாண்டர் ஆயி இன்னும் இருவது நிமிஷம் ஆகல” என்றாள். பிறகு மிர்காவிடம், “நீங்க சொல்லுங்க. அவ சொல்றதுக்காக இல்ல, என் முகத்துக்காகவும் இல்ல. முடியுமா முடியாதா?”

சுலபமான கேள்வி அல்ல. முடியாது என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அந்த மைதானத்தில் முழுசாக இருக்கிறார்கள். மிர்கா தன் காலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பயம் அப்படியே இருந்தது. ஆனால் எதைப் பார்த்துப் பயந்தாளோ அதை இந்தப் பெண் இப்போதுதான் அவள் கண்முன்னால் செய்து காட்டியிருக்கிறாள். பூப்போல எடுக்க வேண்டிய பயணி அல்ல இவள். பூப்போல எடுத்ததுதான் இவளுக்கு ஆபத்து.

“முடியும்” என்றாள்.

“முதல்ல ஓல்கியெர்த்த ஒரு தடவ இழுங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்.”

ஓல்கியெர்த் ஒற்றை இருக்கைக் கிளைடரில் ஏறினான். முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினான். மிர்கா அவனை நானூற்றிப் பத்து மீட்டருக்கு அனுப்பினாள். கூண்டுக்கு வெளியே கைகட்டி நின்ற லுத்மிலா ஜீப்பில் ஏறி மறுகோடிக்குப் போனாள்.

அரைமணி கழித்து ரேடியோ சொன்னது: “வின்ச். ஆந்தை. ஒத்தை ஆள்.”

“வின்ச் தயார்.”

“கயிறு மெதுவா.”

புல்லில் கயிறு நெளிந்தது.

“இறுகிருச்சு. போ!”

மிர்கா மிதித்தாள். இந்த முறை காலுக்கு யோசிக்க இடம் தரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் பெடல் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இஞ்சின் அலறியது, கூண்டு அதிர்ந்தது, கயிறு ரீங்காரமிட்டது. கீற்று தரையை விட்டது, மூக்கை நிமிர்த்தியது, வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏறியது. மிர்கா பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றின் சாய்வைப் பார்த்து, சுருளின் சத்தத்தைக் கேட்டு, கொஞ்சம் குறைத்து, பிடித்து, மறுபடி கொஞ்சம் குறைத்து இழுத்தாள். பெற்ற மகளைத் தன்னைவிட்டு எவ்வளவு உயரத்துக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு உயரத்துக்குத் தன் காலாலேயே தள்ளினாள். போடி, போ, போ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். இஞ்சின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

உச்சியில் கயிறு கழன்றது. கயிற்றின் நுனியிலிருந்த சிறு பாராசூட் விரிந்தது.

இதற்குப் பிறகு வின்ச்சில் இருப்பவர்கள் ஆகாயத்தைப் பார்க்கக்கூடாது. கயிறு காற்றில் அடித்துக்கொண்டு போய் வயலிலோ வேலியிலோ விழாமல் அந்தப் பாராசூட்டையே பார்த்துச் சுற்ற வேண்டும். அறுநூறு முறை செய்த வேலை. அன்றைக்குத்தான் அதன் கொடுமை தெரிந்தது. தலைக்கு நேர் மேலே மகள் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள், இறக்கை காற்றைக் கிழிக்கும் மெல்லிய விசில் காதில் விழுகிறது, தாய் ஒரு சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்து தானாக நிமிரப் பார்த்தது. விடவில்லை. பாராசூட் புல்லில் வந்து விழும்வரை சுற்றினாள். இஞ்சினைத் தணித்தாள். பிரேக் போட்டாள், சுருளைப் பூட்டினாள். எல்லாம் சரியா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் தலையைத் தூக்கினாள்.

ஆந்தை ஆற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. வெயிலில் அதன் இறக்கை ஒருமுறை பளிச்சென்றது. மூன்றரை வயதில் மாடிப்படியில் இறங்க அம்மாவின் கையைத் தட்டிவிட்டவள் அங்கே மேலே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு மோட்டார்கூட இல்லாமல். அவளாகத் தேடிக் கண்டுபிடித்த விமானம் அது. அவள் விரல்ரேகை தேய்ந்த இறக்கை அது. கையெழுத்துக்கு அவள் சொன்ன பொய், அதிகாலையில் முதல் ஆளாகப் போய்த் திறந்த கொட்டகைக் கதவு, எல்லாமே அவளுடையது. அம்மா கொடுத்தது வெறும் தொள்ளாயிரம் மீட்டர் கயிறுதான். மிர்காவுக்கு நெஞ்சு நிறைந்து, மூச்சு வாங்கியது.

கலினா சுற்றி வந்தாள். காற்றுக்கு எதிராகத் திரும்பினாள். பிரேக் தகடுகள் எழுந்தன. தூரத்தில், எறும்புகளுக்குப் பக்கத்தில், வெள்ளைக் கீற்று தரையைத் தொட்டது. துள்ளவில்லை. நேராக ஓடி நின்றது. இறக்கை சாய்ந்தது. எறும்புகள் எல்லாம் அடி போட ஒரே பக்கமாக ஓடின.

மிர்கா ரேடியோவை எடுத்தாள்.

லுத்மிலாவின் ரேடியோவில் வேலைக்கு மட்டும்தான் பேசலாம். நன்றி, வணக்கம், அருமை என்று யாராவது சொல்லித் தொலைத்தால், மைதானம் முழுக்கக் கேட்கும்படி அங்கேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பேங்க் மேனேஜர்கூட ஒருமுறை “அழகான நாள்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பையனைப் போலத் திட்டு வாங்கினார். மிர்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் பொத்தானை அழுத்தினாள்.

“வின்ச் பேசறேன்” என்றாள். “இப்ப எறங்கினது என் பொண்ணு.”

ரேடியோ கரகரத்து அடங்கியது. கூண்டின் தகரம் வெயிலில் படபடவென்று வெடித்தது. அவள் திட்டுக்குத் தயாராகக் காத்திருந்தாள்.

“வின்ச்” என்றது லுத்மிலாவின் குரல். எப்போதும் போலவே விறைப்பாக, எப்போதும் போலவே ஒரு சொல் கூடுதல் இல்லாமல். “சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க.”

மிர்கா திரும்பச் சொன்னாள்.